சட்டம் எதனால் ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டத் தத்துவத்துக்குள் புதிதாக நுழைபவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகளோடுதான் வருகிறார்கள். அவற்றை ஒரு வரிசையில் வைத்து விடை சொல்லிப் பார்க்கிறேன். பல தரப்புகளையும் சொல்வேன். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுவேன்.

"எதனால் ஆனது" என்று மேசை நாற்காலியைப் பற்றிக் கேட்கலாம். சட்டத்தைப் பற்றி அப்படிக் கேட்பதற்கு என்ன அர்த்தம்?

சட்டத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனாலும் அது இல்லாத பொருள் என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்புகிறது, ஒரு நிலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறது, நேற்றுவரை அந்நியர்களாக இருந்த இருவரைக் கணவன் மனைவி ஆக்குகிறது. இவ்வளவு வேலை செய்கிற ஒன்று எங்கே இருக்கிறது? உலகத்தில் என்னென்ன நடந்திருந்தால் "இங்கே இப்படி ஒரு சட்டம் இருக்கிறது" என்பது உண்மையாகிறது? எதை எடுத்துவிட்டால் சட்டமும் கூடவே போய்விடும்? கேள்வி இதுதான்.

நல்ல சட்டம் எது என்பது வேறு கேள்வி. எந்த நாட்டில் என்ன சட்டம் என்பதும் வேறு கேள்வி, அதற்கு வழக்கறிஞர் போதும். ஆனால் அந்த வழக்கறிஞர் "இதுதான் சட்டம்" என்று சொல்லும்போது அந்த வாக்கியத்தை உண்மையாக்குவது எது என்று கேட்டால், அவரும் சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

சட்டம் என்றால் எழுத்துதானே? புத்தகத்தில் அச்சாகி இருக்கிறதே?

முதலில் எல்லோரும் சொல்லும் விடை இது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 2 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. பாபிலோன் அரசன் ஹம்முராபி ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பொறிக்கச் செய்தது. 1901இல் இன்றைய ஈரானில் உள்ள சூசாவில் தோண்டி எடுத்தார்கள். கட்டியவன் சரியாகக் கட்டாமல் வீடு இடிந்து, வீட்டுக்காரன் செத்துப்போனால் கட்டியவனைக் கொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. எழுத்து பெரும்பாலும் அழியவில்லை. அந்த மொழி தெரிந்தவர்கள் இன்றும் படிக்கலாம். ஆனால் எந்தக் கட்டடக்காரரும் அந்தக் கல்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. எழுத்து அப்படியே இருக்கிறது, அது இன்று யாருக்கும் சட்டமில்லை. (அந்தக் காலத்திலாவது அது நாம் நினைக்கிற மாதிரிச் சட்டமாக இருந்ததா, அரசன் தன் நீதியைப் பறைசாற்றிக்கொண்ட நினைவுச்சின்னமா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.)

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பாருங்கள். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 27ஆவது திருத்தம், காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளத்தை மாற்றினால் அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்கிறது. 1789இல் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது. போதுமான மாநிலங்கள் ஒப்புக்கொண்டு முடித்தது 1992இல். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்த வாக்கியம் வெறும் வாக்கியமாகவே கிடந்தது. பிறகு ஓர் எழுத்துகூட மாறாமல் சட்டமாகிவிட்டது.

ஆகவே எழுத்து என்பது சட்டம் வந்து தங்கும் இடங்களில் ஒன்று, அவ்வளவுதான். எழுதப்படாத வழக்காறுகளும் எத்தனையோ நாடுகளில் சட்டமாக நின்றிருக்கின்றன.

அப்படியானால் சட்டம் என்பது அதிகாரம். கீழ்ப்படியாவிட்டால் தண்டனை. இதற்கு மேல் என்ன இருக்கிறது?

இதை மிகத் தெளிவாகச் சொன்னவர் ஜான் ஆஸ்டின் என்ற ஆங்கிலேயர், 1832இல். சட்டம் என்பது இறையாண்மை கொண்டவரின் கட்டளை, மீறினால் தீங்கு வரும் என்ற அச்சுறுத்தல் அதன் பின்னால் நிற்கிறது. யார் இறையாண்மை கொண்டவர்? மக்களில் பெரும்பாலோர் யாருக்குப் பழக்கமாகக் கீழ்ப்படிகிறார்களோ, யார் வேறு எவருக்கும் அப்படிக் கீழ்ப்படிவதில்லையோ, அவர். கட்டளை, அச்சம், பழக்கம் ஆகிய மூன்றும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடியவை. வானத்திலிருந்து எதுவும் இறங்கி வர வேண்டியதில்லை. இந்த எளிமைதான் இதன் கவர்ச்சி.

1961இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் எச்.எல்.ஏ. ஹார்ட் இந்தக் கோட்பாட்டைப் பிரித்து மேய்ந்துவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் துப்பாக்கிக்காரன். ஒருவன் துப்பாக்கியைக் காட்டிப் பணத்தைக் கேட்கிறான், கொடுத்துவிடுகிறீர்கள். "கொடுக்க வேண்டியதாகிவிட்டது" என்று பிறகு சொல்வீர்கள். "கொடுப்பது என் கடமையாக இருந்தது" என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். வரி கட்டும்போது மட்டும் கடமை என்கிறோம். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று ஆஸ்டினால் சொல்ல முடியாது. அவர் கணக்கில் அரசு என்பது பெரிய துப்பாக்கிக்காரன்தான்.

அப்புறம், சட்டத்தில் பாதி மிரட்டலே இல்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டிய உயிலில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் யாரும் உங்களைத் தண்டிக்கப்போவதில்லை. உயில் செல்லாது, அவ்வளவுதான். உயில் எழுதவும் ஒப்பந்தம் போடவும் திருமணம் செய்யவும் நிறுவனம் தொடங்கவும் சட்டம் நமக்கு ஆற்றல் தருகிறது. இதைக் கட்டளை என்று சொன்னால் பாதிச் சட்டப் புத்தகத்தைத் தவறாகப் படிக்கிறோம் என்று பொருள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய அரசன் சாகிறான், மகன் அன்று காலையே பட்டத்துக்கு வருகிறான். அவனுக்குக் கீழ்ப்படிகிற பழக்கம் மக்களுக்கு இன்னும் வரவில்லை. அப்படியிருந்தும் அவன் இடும் முதல் ஆணை முதல் நிமிடத்திலிருந்தே சட்டம். அது எப்படி?

எப்படி? ஹார்ட்டின் விடை என்ன?

பழக்கம் வேறு, விதி வேறு என்பதில் தொடங்குகிறார். ஒரு ஊரில் பலரும் சனிக்கிழமை சினிமா பார்க்கப் போனால் அது பழக்கம். ஒருவர் போகாவிட்டால் யாரும் அவரைக் குறை சொல்வதில்லை. விதி இருக்கும் இடத்தில், மீறினவரைக் கண்டிக்கிறார்கள், கண்டிப்பது நியாயம் என்றும் நினைக்கிறார்கள், அவரும் காரணம் சொல்லப் பார்க்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியலாம். உள்ளே இருப்பவருக்கு விதி என்பது தன் நடத்தைக்கும் பிறர் நடத்தைக்கும் ஓர் அளவுகோல். இதை ஹார்ட் அகப்பார்வை என்கிறார்.

அடுத்து, சட்டத்தில் இரண்டு அடுக்கு விதிகள் இருக்கின்றன. திருடாதே, அடிக்காதே, வரி கட்டு என்பவை முதல் அடுக்கு. எது விதி, அதை யார் மாற்றலாம், தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்று சொல்பவை இரண்டாம் அடுக்கு. இந்த இரண்டாம் அடுக்கின் உச்சியில் ஓர் அங்கீகார விதி இருக்கிறது. "நாடாளுமன்றம் இயற்றுவது சட்டம்" என்பது போல ஒன்று. மகனின் முதல் ஆணை ஏன் சட்டம்? "பட்டத்துக்கு வருபவர் சொல்வது சட்டம்" என்ற விதியை அந்த நாட்டின் அதிகாரிகள் ஏற்கெனவே ஏற்றிருக்கிறார்கள். அவர்கள் ஏற்றது ஒரு பதவியை, தனி மனிதரை அல்ல.

சரி, அங்கீகார விதியைச் சட்டமாக்குவது எது? எதுவும் இல்லை என்பதுதான் ஹார்ட்டின் பதில். அது செல்லும், செல்லாது என்று கேட்பதற்கே இடமில்லை. நீதிபதிகளும் அலுவலர்களும் அதை அளவுகோலாக வைத்து நடக்கிறார்கள் என்ற உண்மையில் அது இருக்கிறது. அந்த நடைமுறை நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆக, சட்டக் கட்டடத்தின் அடியில் மனிதர்கள் சேர்ந்து செய்யும் ஒரு நடைமுறை கிடக்கிறது. இந்த விடை பெரும்பாலும் சரி என்றே நான் நினைக்கிறேன். "முழுவதும்" என்று ஏன் சொல்லவில்லை என்பது பின்னால் வரும்.

சட்டம்தான் நீதிபதியை நீதிபதியாக்குகிறது. நீதிபதிகள் ஏற்பதால்தான் சட்டம் என்கிறீர்கள். முட்டையா கோழியா என்று போய் நிற்காதா?

நியாயமான சந்தேகம். பணத்தோடு வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தெளியும். ஒரு தாள் பணமாக இருப்பது எல்லோரும் அதைப் பணமாக வாங்கிக்கொள்வதால். எல்லோரும் வாங்கிக்கொள்வது அது பணமாக இருப்பதால். சுற்றுதான், ஆனாலும் பணம் நடமாடுகிறது. ஜான் சேர்ல் என்ற தத்துவவாதி 1995இல் இதை விரிவாக எழுதினார்: பலர் சேர்ந்து "இது இன்ன இடத்தில் இன்னதாகக் கணக்கில் வரும்" என்று ஏற்றுக்கொண்டால், இயற்கையில் இல்லாத ஒரு பொருள் சமூகத்தில் உண்மையாகவே உண்டாகிவிடும்.

சட்டத்திலும் அதிகாரிகளும் விதிகளும் ஒன்றை ஒன்று தாங்கியபடி ஒரே நேரத்தில் எழுகின்றன. வரலாற்றில் இது ஒரே நாளில் நடப்பதில்லை. சிலர் தீர்ப்புச் சொல்லத் தொடங்குகிறார்கள், மற்றவர்கள் அவர்களிடம் போகத் தொடங்குகிறார்கள், நாளடைவில் "தீர்ப்புச் சொல்ல உரிமை உள்ளவர்" என்ற நிலை உருவாகிவிடுகிறது. நிலை உருவான பிறகு அது முன்னாலிருந்தே இருந்ததுபோல நாம் பேசுகிறோம்.

கெல்சன் சொன்ன "அடிப்படை நெறி" இதேதானா?

பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்றல்ல. ஆஸ்திரியாவின் 1920 அரசமைப்பை உருவாக்குவதில் பெரும் பங்கு வகித்த ஹான்ஸ் கெல்சன், ஒரு நெறிக்கு வலிமை தர இன்னொரு நெறியால்தான் முடியும் என்றார். போக்குவரத்து விதிக்கு வலிமை தருவது ஒரு சட்டம், அந்தச் சட்டத்துக்கு அரசமைப்பு, அதற்கு முந்தைய அரசமைப்பு. இப்படி ஏறிக்கொண்டே போனால் முதல் அரசமைப்பில் முட்டி நிற்போம். அதைப் பின்பற்ற வேண்டும் என்று நாம் முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் ஓர் எண்ணம்தான் அடிப்படை நெறி. ஹார்ட்டுக்கு அடித்தளம் மனிதர்கள் செய்கிற ஒரு காரியம். கெல்சனுக்கு அது நாம் மனத்தில் முன்வைத்துக்கொள்வது.

இது பேராசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. 1958இல் பாகிஸ்தானில் அரசமைப்பு நீக்கப்பட்டு ராணுவச் சட்டம் வந்தபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கெல்சனைக் காட்டி, வெற்றிபெற்ற புரட்சி தானே புதிய சட்ட ஒழுங்கின் ஊற்றாகிவிடுகிறது என்று ஏற்றுக்கொண்டது. 1972இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று ஒதுக்கியது. கெல்சன் விளக்க முயன்றது ஒரு சட்ட ஒழுங்கு எப்படி நிற்கிறது என்பதை. கவிழ்த்தவருக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பது அவர் வேலையாக இருக்கவில்லை. அடித்தளத்தைப் பற்றி நீதிபதிகள் என்ன நினைக்கிறார்கள் என்பது அந்த அடித்தளத்தையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

நீதிமன்றம் என்ன செய்யும் என்ற கணிப்புதான் சட்டம் என்கிறார்களே?

அமெரிக்க நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1897இல் அப்படித்தான் சொன்னார். மனசாட்சி இல்லாத ஒரு கெட்ட மனிதனின் கண்ணோடு சட்டத்தைப் பார், அவனுக்கு வேண்டியது நீதிமன்றம் நடைமுறையில் என்ன செய்யும் என்பது மட்டும்தான் என்றார். கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞருக்கு இது நல்ல பாடம்.

ஆனால் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்தால் இது உடனே உடைந்துவிடும். "சட்டம் என்ன?" என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளும்போது, "நான் என்ன செய்வேன் என்று கணிக்கிறேன்" என்பது பதிலாகாது. கணிப்புக்கும் அப்பால் எதையோ அவர் தேடுகிறார்.

அநீதியான சட்டம் சட்டமே அல்ல என்பது சரியா?

இந்த வாசகம் பழைய கிறிஸ்தவ இறையியலாளர் புனித அகஸ்டின் காலத்திலிருந்து வருகிறது. இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டில் சட்டத்தை இப்படி வரையறுத்தார்: பொதுநலனுக்காக, சமூகத்தைக் காக்கும் பொறுப்புள்ளவர், அறிவின்படி வகுத்து அறிவிக்கும் ஒழுங்கு. இதன்படி பார்த்தால் அறிவும் பொதுநலனும் சட்டத்தின் உட்கூறுகள். அவை இல்லாதது சிதைந்த சட்டம். இதுதான் இயற்கைச் சட்ட மரபு.

20ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி ரத்தத்தோடு திரும்பி வந்தது. ஜெர்மனியின் முன்னாள் நீதி அமைச்சர் குஸ்டாவ் ராட்புரூக், நாஜி ஆட்சி வீழ்ந்தபின் 1946இல் ஒரு கட்டுரை எழுதினார். சாதாரணமாக, எழுதப்பட்ட சட்டம் கொஞ்சம் அநீதியாக இருந்தாலும் அதுவே செல்லும், ஏனென்றால் உறுதிப்பாடும் ஒரு மதிப்புதான். ஆனால் அநீதி தாங்க முடியாத அளவை எட்டிவிட்டால் அது நீதிக்கு வழிவிட வேண்டும். சமத்துவத்தை வேண்டுமென்றே மிதித்து எழுதப்பட்ட சட்டத்துக்குச் சட்டத்தின் இயல்பே கிடையாது.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு இது நீதிமன்றத்துக்கே வந்தது. தப்பி ஓடியவர்களைச் சுட்ட கிழக்கு ஜெர்மானிய எல்லைக் காவலர்கள், எங்கள் நாட்டு எல்லைச் சட்டம் சுட அனுமதித்தது என்றார்கள். 1992இல் ஜெர்மனியின் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் ராட்புரூக்கின் வழியைப் பின்பற்றி அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. கிழக்கு ஜெர்மனியின் சட்டத்தையே மனித உரிமையை மதித்துப் படித்திருந்தால் அந்தச் சூடு நியாயமாகாது என்றும் சொன்னது. 1996இல் அரசமைப்பு நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது. 2001இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

ஹார்ட் இதில் வேறு பக்கம். இது சட்டம்தான், ஆனால் கீழ்ப்படியத் தகாத அளவுக்குக் கொடியது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்றார். முன்தேதியிட்டுத் தண்டிக்க வேண்டியிருந்தால், இரண்டு தீமைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை ஒளிக்காமல் அப்படியே செய்யுங்கள் என்றார்.

நான் இங்கே ஹார்ட்டோடு நிற்கிறேன். சட்டம் மனிதர்களின் நடத்தையால் ஆனது என்றால், கொடுமையான நடத்தையாலும் அது ஆகக்கூடும். அதைச் சட்டமில்லை என்று சொல்லிவிட்டால், அதைச் சட்டமாக வைத்து நடத்திய நீதிபதிகளும் எழுத்தர்களும் செய்தது என்ன என்று விளங்காமல் போய்விடும். அவர்கள் சட்டத்தைத்தான் நடத்தினார்கள், அதனால்தான் அவ்வளவு தூரம் நடத்த முடிந்தது. "சட்டம் என்றால் சட்டம்" என்ற மனப்பான்மை ஜெர்மானிய நீதிபதிகளை நிராயுதபாணி ஆக்கிவிட்டது என்பது ராட்புரூக்கின் கணிப்பு. ஆனால் அக்கால நீதிபதிகள் பலர் பழைய சட்டங்களின் எழுத்தை மீறி, ஆட்சிக்கு ஏற்றபடி வளைத்தே தீர்ப்பு எழுதினார்கள்.

அறத்துக்கும் சட்டத்துக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?

இல்லை. அமெரிக்கச் சட்ட அறிஞர் லான் ஃபுல்லர் 1964இல் ஓர் அரசனைக் கற்பனை செய்தார். நல்லெண்ணத்தோடு சட்டம் இயற்றப் புறப்பட்டு எட்டு வழிகளில் தோற்றுப்போகிறான். பொது விதியே இல்லாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தீர்க்கிறான், விதியை அறிவிக்காமல் ரகசியமாக வைக்கிறான், முன்தேதியிடுகிறான், யாருக்கும் புரியாதபடி எழுதுகிறான், ஒன்றுக்கொன்று முரணாக வைக்கிறான், செய்ய முடியாததைக் கேட்கிறான், தினமும் மாற்றுகிறான், எழுதியது ஒன்றும் நடத்துவது ஒன்றுமாக இருக்கிறான். இவற்றில் ஒன்று முழுமையாக நடந்தாலே கையில் இருப்பது மோசமான சட்டம்கூட அல்ல என்றார். மனிதரைக் காரணம் கேட்டு நடக்கக்கூடியவராக மதிக்கும் ஒரு குறைந்தபட்ச மரியாதை சட்டத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. இதை நான் முழுதாக ஏற்கிறேன். கொடுங்கோலனும் இந்த எட்டையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கலாமே என்பதுதான் ஹார்ட் தரப்பின் பதில். கடைப்பிடிக்கலாம், ஆனால் ரகசியமும் முன்தேதியும் இல்லாமல் நெடுநாள் ஆண்ட கொடுங்கோலர்கள் அரிது.

தாத்தாவைக் கொன்ற பேரன் வழக்கை ஏன் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்?

ஹார்ட்டின் கட்டடத்தில் விரிசல் காட்டிய வழக்கு அதுதான். நியூயார்க், 1889, ரிக்ஸ் எதிர் பால்மர். தாத்தா தன் சொத்தில் பெரும்பகுதியைப் பேரனுக்கு உயில் எழுதியிருந்தார். பிறகு மறுமணம் செய்துகொண்டார். உயிலை மாற்றிவிடுவாரோ என்று பயந்து, 16 வயதுப் பேரன் அவருக்கு நஞ்சு வைத்துவிட்டான். கொலைக்குத் தண்டனையும் பெற்றான். கேள்வி சொத்தைப் பற்றியது. உயில் முறைப்படி எழுதப்பட்டது, சாட்சிகள் சரி. கொலைகாரன் வாரிசாகக் கூடாது என்று உயில் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

பெரும்பான்மை நீதிபதிகள், தான் செய்த குற்றத்தால் ஒருவன் ஆதாயம் அடையக் கூடாது என்ற பழைய கோட்பாட்டைக் காட்டிப் பேரனுக்குச் சொத்து இல்லை என்றார்கள். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கிரே, உயில்கள் எப்படிச் செல்லும், எப்படி மாறும் என்பதைச் சட்டமன்றம் தீர்மானித்துவிட்டது, குற்றத்துக்குச் சட்டம் விதித்ததற்கு மேல் நாம் தண்டனை கூட்ட முடியாது என்றார்.

1967இல் அமெரிக்கச் சட்டத் தத்துவவாதி ரொனால்டு டுவர்கின் இந்த வழக்கை எடுத்துவைத்துக் கேட்டார்: அந்தக் கோட்பாட்டை எந்த நாடாளுமன்றம் இயற்றியது? எந்த அங்கீகார விதி அதை அங்கீகரித்தது? விதிகள் மட்டுமல்ல, கோட்பாடுகளும் சட்டத்தின் பகுதி. அவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, எடைதான் உண்டு.

பிற்பாடு அவர் வாதத்தை இன்னும் கூர்மையாக்கினார். அங்கே இரு தரப்பு நீதிபதிகளுக்கும் உண்மைகளில் சண்டை இல்லை. சட்டமன்றம் என்ன எழுதியது என்று இருவருக்கும் தெரியும். எது சட்டமாகக் கணக்கில் வரும் என்பதிலேயே அவர்கள் முரண்பட்டார்கள். சட்டம் அதிகாரிகளின் ஒத்த நடைமுறையால் ஆனது என்றால், அந்த அதிகாரிகளே முரண்படும் இடத்தில் சட்டம் என்று ஒன்று இருக்கவே கூடாது. ஆனால் இருவரும் சட்டத்தைக் கண்டுபிடிக்கத்தான் வாதிட்டார்கள். ஆகவே சட்டம் ஒரு விளக்கம் என்றார் டுவர்கின். கடந்தகாலத் தீர்ப்புகளோடும் சட்டங்களோடும் பொருந்த வேண்டும், அவற்றை மிகச் சிறந்த ஒளியில் நியாயப்படுத்தவும் வேண்டும்.

ஹார்ட் தன் 1961 நூலுக்கு எழுதி, அவர் இறந்தபின் 1994இல் வெளிவந்த பின்னுரையில் இதற்குப் பதில் இருக்கிறது: அங்கீகார விதி கோட்பாடுகளையும் உள்ளே விடலாம், அதில் தடையில்லை. சட்டத் தத்துவவாதி ஜோசப் ராஸ் இதை ஏற்கவில்லை. நாம் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசிக்காமல் இருப்பதற்காகத்தானே ஓர் அதிகாரத்தை ஏற்கிறோம், அது என்ன சொல்கிறது என்று அறிய மறுபடி அறவாதம் செய்ய வேண்டுமென்றால் அந்த அதிகாரம் எதற்கு என்று கேட்டார்.

இதில் உங்கள் நிலைப்பாடு என்ன?

தத்துவவாதி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் சொன்ன ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். "இப்படி இருக்கிறது" என்பதிலிருந்து "இப்படி இருக்க வேண்டும்" என்பதை நேரடியாகக் கறந்துவிட முடியாது. ஒரு சபையில் கைகள் உயர்ந்தன, ஒரு தாளில் மை படிந்தது, ஒருவர் கையெழுத்திட்டார். இவையெல்லாம் நடந்தவை. இவற்றிலிருந்து "நீ இதைச் செய்ய வேண்டும்" என்பது எப்படி வருகிறது?

சட்டத் தத்துவவாதி மார்க் கிரீன்பெர்க் 2004இல் இதை இறுக்கிப் பிடித்தார். சபை இயற்றிய வாக்கியம் சட்டத்துக்குத் தருவது எதை? சொற்களின் பொருளையா, இயற்றியவர்களின் நோக்கத்தையா, அந்தச் சட்டம் தீர்க்க வந்த சிக்கலையா? நடைமுறையைக் கேட்டால் நடைமுறை தன்னைத்தானே விளக்கிக்கொள்ளாது. "நடைமுறையை இப்படித்தான் கணக்கில் எடுக்க வேண்டும்" என்று சொல்ல இன்னொரு நடைமுறையைக் காட்டினால் அதற்கும் அதே கேள்வி வரும். எங்கோ ஓரிடத்தில் ஒரு காரணம் உள்ளே வந்தே ஆக வேண்டும். ஏன் இயற்றியவர்களின் சொல்லை மதிக்கிறோம் என்பதற்கான காரணம் அது: மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் என்பதாலோ, எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதாலோ, ஒரே மாதிரி வழக்குகள் ஒரே மாதிரித் தீர வேண்டும் என்பதாலோ.

என் நிலை இதுதான். சட்டம் இருக்கிறது என்பது மனிதர்களின் நடைமுறையால் மட்டுமே உண்மையாகிறது, அதில் ஹார்ட் சரி. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பது, அந்த நடைமுறையை மதிப்பதற்கு நாம் வைத்திருக்கும் காரணங்களையும் சேர்த்தால்தான் தெரியும். அந்தக் காரணங்கள் எல்லாம் நல்லவையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் கொடிய சட்டமும் சட்டமாக இருக்க முடிகிறது.

யாருமே பயன்படுத்தாத சட்டம் சட்டமா?

இங்கிலாந்தில் 1817இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு விடுதலையான ஆபிரகாம் தார்ன்டன் என்பவரை, இறந்த பெண்ணின் அண்ணன், உறவினரே நேரடியாகக் கொலைக் குற்றம் சாட்டும் ஒரு பழைய வழியில் மறுபடி நீதிமன்றத்துக்கு இழுத்தார். தார்ன்டன் தன் கையுறையைக் கழற்றி நீதிமன்றத் தரையில் எறிந்து, சண்டைபோட்டுத் தீர்த்துக்கொள்கிறேன் என்றார். நூற்றாண்டுகளாக யாரும் கையிலெடுக்காத, இடைக்காலத்து உரிமை அது. 1818இல் நீதிமன்றம், சட்டம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் நாங்கள் சொல்ல முடியும் என்று அவருக்கு அந்த உரிமை உண்டு என்றது. எதிர்த்தரப்பு சண்டைக்கு வரவில்லை, தார்ன்டன் விடுதலையானார். 1819இல் நாடாளுமன்றம் அந்த வழக்கத்தையே ஒழித்தது.

தனித்தனி விதி உறங்கலாம் என்பது இதில் தெரிகிறது. அதைத் தாங்கும் அங்கீகார விதி உறங்க முடியாது. ஸ்காட்லாந்திலோ, 1707க்கு முந்தைய தன் பழைய நாடாளுமன்றச் சட்டங்கள் நெடுங்காலப் பயன்பாடின்மையால் செத்துப்போகலாம் என்று ஏற்கிறார்கள். எது எப்போது சாகும் என்பதையும் அந்தந்த இடத்து அடித்தளமே சொல்கிறது.

ஒரு நாட்டின் சட்டங்கள் எல்லாம் செல்லாதவை என்று தெரியவந்தால் என்ன ஆகும்?

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் இது நடந்தது. 1870ஆம் ஆண்டின் மனிடோபா சட்டம், மாகாணச் சட்டங்களை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்டு வெளியிட வேண்டும் என்றது. 1890இல் மாகாணம் ஆங்கிலம் மட்டும் போதும் என்று முடிவுசெய்துவிட்டது. 1892இலும் 1909இலும் கீழ் நீதிமன்றங்கள் அது செல்லாது என்றன, அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1985இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது: ஆங்கிலத்தில் மட்டும் இயற்றப்பட்டவை அனைத்தும் செல்லாதவை.

இதன் பொருளை நின்று நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அந்தச் சட்டங்களின் கீழ் நிறுவனங்கள் பதிவாகியிருந்தன, அபராதங்கள் கட்டப்பட்டிருந்தன, உரிமங்கள் வழங்கப்பட்டிருந்தன. சட்டமன்றமே அந்தச் சட்டங்களின்படி தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். அங்கீகார விதியின்படி பார்த்தால் எதுவுமே சட்டமில்லை. நடைமுறைப்படி பார்த்தால் எல்லாமே சட்டம்.

நீதிமன்றம் என்ன செய்தது? சட்டத்தின் ஆட்சி என்ற கோட்பாட்டை எடுத்தது. ஒரு சமூகம் சட்டமே இல்லாமல் விடப்படக் கூடாது என்பதும் அரசமைப்பின் அடிப்படைதான் என்று சொல்லி, மொழிபெயர்த்து மறுபடி இயற்றத் தேவையான குறைந்தபட்சக் காலத்துக்கு அவை செல்லும் என்று அறிவித்தது. எந்தச் சட்டப்பிரிவும் இந்த அதிகாரத்தை நேரடியாகக் கொடுக்கவில்லை. நடைமுறை, எழுத்து, காரணம் மூன்றும் ஒரே தீர்ப்பில் இப்படி முகத்துக்கு முகம் நின்ற வேறொரு வழக்கு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சர்வதேசச் சட்டம் சட்டமா?

ஆஸ்டின் இல்லை என்றார், கட்டளையிட மேலே ஓர் இறையாண்மை இல்லையே. அந்த அளவுகோலே தவறு என்று பார்த்துவிட்டோம். நாடுகள் அதை மீறும்போதுகூட "நாங்கள் மீறவில்லை" என்று காரணம் தேடுகின்றன. அந்த அகப்பார்வை இருக்கிறது. தீர்ப்பை நிறைவேற்றும் அமைப்பு மெலிந்தது, அவ்வளவுதான்.

சட்டத்தை முழுக்கக் கணினி நிரலாக எழுதிவிட்டால் இந்தச் சிக்கல்கள் தீராதா?

"பூங்காவுக்குள் வாகனம் கூடாது." 1958இல் ஹார்ட் எடுத்த உதாரணம் இது. கார் கூடாது என்பது தெளிவு. சைக்கிள்? உருளும் காலணி? குழந்தையின் பொம்மைக் கார்? சொல்லுக்கு உறுதியான ஒரு நடுவும் மங்கலான ஓரமும் உண்டு என்றார் அவர். அதே ஆண்டு ஃபுல்லர் திருப்பிக் கேட்டார்: இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஒரு டிரக்கை நினைவுச்சின்னமாகப் பூங்கா மேடையில் நிறுத்த வேண்டும் என்று கேட்கிறார்கள், அது ஓடும் நிலையில்தான் இருக்கிறது, அது வாகனமா?

சொல்லின்படி வாகனம்தான், நடுவிலேயே வருகிறது, ஓரத்தில் இல்லை. ஆனாலும் விதி அதைத் தடுக்கிறது என்று சொல்லத் தயங்குகிறோம். அந்த விதி எதற்காக வந்தது என்பது நம் மனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அமைதிக்காகவா, நடப்பவர்களின் பாதுகாப்புக்காகவா, புல்வெளிக்காகவா? நிரலை எழுதுபவரும் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் எழுத வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு அந்தத் தேர்வு நிரலுக்குள் மறைந்துவிடும். நீதிபதியாக இருந்தால் தீர்ப்பில் காரணம் எழுத வேண்டும், அதை மேல்முறையீட்டில் எதிர்க்கலாம். நிரல் எத்தனை துல்லியமாக இருந்தாலும், "ஏன் இப்படி?" என்று கேட்க ஓர் ஆளும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆளும் அதற்கு வெளியே இருந்தே ஆக வேண்டும்.